குப்பைக்கு வாசலில் கட்டணம், நஞ்சுக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நகரங்களின் தூய்மையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் கட்டுரைகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் இணையப் பதிப்பில் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை, அங்குள்ளவர்கள் ஒழுக்கமானவர்கள், நம்மவர்கள் திருந்தமாட்டார்கள் என்ற முடிவோடு நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் பல ஆண்டுகளாக வசித்து வரும் எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. இங்கும் ஆள் நடமாட்டமில்லாத சாலையோரத்தில் பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மறுசுழற்சித் தொட்டிக்குள் கிழிந்த செருப்பைத் திணிப்பவர்களும் உண்டு. குப்பைக்கான செலவை யாரிடம், எந்தக் கட்டத்தில் வாங்குவது என்பதை இந்தக் கவுண்டி யோசித்து வகுத்திருக்கிறது. தூய்மையின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது என்று நான் கருதுகிறேன். அந்த ஏற்பாட்டில் ஓட்டைகளும் இருக்கின்றன. இரண்டையும் எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. ஆனால் அதன் தலைமை நிர்வாகியையும் மன்ற உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிங் கவுண்டியில் ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லாந்து, ரென்டன், கென்ட் முதலிய 39 நகராட்சிகள் இதில் அடங்கும். வீட்டு வாசலில் குப்பை எடுப்பது பெரும்பாலும் நகராட்சிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் நிறுவனங்களின் வேலை. எடுத்த குப்பையை வாங்கி, எடை போட்டு, கொண்டுபோய்ப் புதைத்து, புதைத்த இடத்தைப் பல பத்தாண்டுகள் காவல் காப்பது கவுண்டியின் வேலை. சியாட்டில் நகரம் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து அதைச் சரக்கு ரயிலில் ஏற்றி, பக்கத்து மாநிலமான ஆரிகனில் உள்ள ஆர்லிங்டன் என்ற ஊருக்கு அருகே கொண்டுபோய்ப் புதைக்கிறது. சுற்றுச்சூழல் உணர்வுக்குப் பெயர் பெற்ற நகரத்தின் குப்பை அடுத்த மாநிலத்துக்குப் பயணம் போவதை இங்கே பெருமையாகப் பேசுகிறவர்கள் குறைவு.

மற்ற நகராட்சிகளில் 37 நகராட்சிகள் கவுண்டியோடு நீண்டகால உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றின் குப்பை முழுவதும் ஷோர்லைன், ஃபேக்டோரியா, போ லேக், அல்கோனா முதலிய குப்பை மாற்று நிலையங்களுக்கு வந்து, அங்கே அழுத்தப்பட்டுப் பெரிய லாரிகளில் ஏறி, மேப்பிள் வேலிக்கு அருகிலுள்ள சீடர் ஹில்ஸ் கிடங்குக்குப் போகிறது. 1965ஆம் ஆண்டு முதல் இயங்கும் அந்தக் கிடங்கின் பரப்பு 920 ஏக்கர். கவுண்டியில் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் கிடங்கு அது ஒன்றுதான். ஆண்டுக்கு எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் அங்கே புதைக்கப்படுகிறது. கிடங்கு என்றதும் புகை கக்கும் மலையை நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் அமைத்த பகுதிகளில் அடியில் களிமண்ணும் தடித்த நெகிழிப் படலமும் விரித்து, அன்றன்று கொட்டியதை அன்றன்றே மூடிவிடுகிறார்கள். குப்பையிலிருந்து வடியும் கறுப்பு நீரைக் குழாய்களில் சேர்த்து, ரென்டனில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். உள்ளே உருவாகும் மீத்தேன் வாயுவை உறிஞ்சி எடுத்து, 2009 முதல் அதைச் சுத்தப்படுத்தி எரிவாயுக் குழாயில் சேர்க்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு நாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களின் புகார்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்கின்றன.

சாதாரணக் குப்பைக்கான கட்டண முறை எளிமையானது. வீட்டுக்கு எவ்வளவு பெரிய குப்பைத் தொட்டி வேண்டுமோ அதற்கேற்ற மாதக் கட்டணம். சிறிய தொட்டிக்குக் குறைவு, பெரிய தொட்டிக்கு அதிகம். காகிதம், டப்பா, பாட்டில் போடும் தொட்டி அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். பல நகரங்களில் தோட்டக் கழிவும் சமையலறைக் கழிவும் போடும் தொட்டியும் அப்படியே. சியாட்டில் இந்த முறையை 1980களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. குப்பை மாற்று நிலையத்துக்கு நாமே வண்டியில் கொண்டுபோனால், உள்ளே நுழையும்போது வண்டியை எடை மேடையில் நிறுத்துவார்கள்; கொட்டிவிட்டு வெளியே வரும்போது மறுபடியும் எடை போட்டு, குறைந்த எடைக்குக் காசு வாங்குவார்கள். சுமையைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டாமல் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம். கொட்டுகிறவன் கொட்டும் அளவுக்குப் பணம் தருகிறான். பிரித்துப் போட்டால் மாதச் செலவு குறைகிறது என்பதால், அறிவுரை சொல்லாமலேயே பல வீடுகள் பிரித்துப் போடுகின்றன.

இதே விதியை நஞ்சுக்கும் வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் மிச்சமிருக்கும் பூச்சிமருந்து, சாயம் கரைக்கும் தின்னர், கார் எஞ்சின் எண்ணெய், அடைப்பு நீக்கும் அமிலம், பாதரச வெப்பமானி ஆகியவற்றுக்கு நிலையத்தின் வாசலில் காசு கேட்டால், பத்தில் ஏழு பேர் அவற்றைக் குப்பைத் தொட்டியின் அடியில் மறைத்துவிடுவார்கள். மீதிப் பேர் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதைக் கண்டுகொண்டுதான் கிங் கவுண்டி நஞ்சுக்கு நேர்மாறான விதியை வைத்தது. வீட்டிலிருந்து கொண்டுவரும் அபாயகரமான கழிவுக்கு வாசலில் ஒரு காசும் கிடையாது. அதற்கான செலவு எல்லாருடைய குப்பைக் கட்டணத்திலும், கழிவுநீர்க் கட்டணத்திலும் ஒரு சிறு தொகையாக முன்கூட்டியே கலந்துவிடுகிறது. பூச்சிமருந்தைக் கொண்டுவருகிறவரும் கொண்டுவராதவரும் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். ஆகவே கொண்டுவராமல் இருப்பதில் யாருக்கும் மிச்சமில்லை. கழிவுநீர்க் கட்டணத்தை ஏன் சேர்த்தார்கள் என்றால், சாக்கடையில் ஊற்றிய நஞ்சு சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி இங்குள்ள கடலான பியூஜெட் சவுண்டில்தான் போய்ச் சேரும்.

இந்த ஏற்பாடு யாரோ ஒரு அதிகாரியின் மனத்தில் திடீரென்று உதித்ததன்று. பட்டுத் தெளிந்ததன் பலன் அது. கென்ட் நகரில் வெஸ்டர்ன் பிராசஸிங் என்ற நிறுவனம் 1961 முதல் 1983 வரை தொழிற்சாலைக் கழிவுகளை வாங்கி மறுபயனுக்குத் தருவதாகச் சொல்லி இயங்கியது. கடைசியில் அந்த மண்ணும் நிலத்தடி நீரும் பக்கத்து ஓடையும் நஞ்சேறி, நாட்டிலேயே மிக மோசமாகக் கெட்டுப்போன இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. சீடர் ஹில்ஸ் கிடங்கை ஒட்டியே இருக்கும் குயின் சிட்டி ஃபார்ம்ஸ் என்ற நிலத்தில் 1950களிலும் 60களிலும் தொழிற்சாலைக் கழிவைக் குட்டைகளில் ஊற்றினார்கள். அதுவும் அதே பட்டியலில் சேர்ந்தது. சியாட்டில் நகரம் கென்ட் பக்கத்தில் நடத்திய மிட்வே கிடங்கு 1983இல் மூடப்பட்டது. மூடிய பிறகு அதன் அடியிலிருந்த வாயு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்ததால், 1985இல் சில குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. இவையெல்லாம் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை என்பதை இங்கே புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை.

கழிவு பற்றி 1976இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம் பெரிய தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அதன்கீழ் பின்னர் வந்த விதிகள் வீட்டுக் கழிவுக்கு முற்றிலும், மாதத்துக்கு 220 பவுண்டுக்குக் குறைவாக நச்சுக் கழிவு உண்டாக்கும் சிறு தொழில்களுக்குப் பெரும்பாலும் விலக்கு அளித்துவிட்டன. ஒரு வீட்டின் பங்கு அற்பம்தான். ஆனால் பல லட்சம் வீடுகளின் அற்பம் ஒரே கிடங்கில் போய்ச் சேரும்போது அது அற்பமாக இருப்பதில்லை. இந்த இடைவெளியை அடைக்க, உள்ளாட்சிகள் இத்தகைய கழிவுக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் 1980களின் நடுவில் சட்டம் செய்தது. கிங் கவுண்டியின் திட்டம் 1990இல் தயாராகி, 1991 முதல் நடைமுறைக்கு வந்தது. குப்பையில் தனித்து நிற்கும் சியாட்டிலும் இதில் மட்டும் கவுண்டியோடு சேர்ந்துகொண்டது. கவுண்டியின் திடக்கழிவுத் துறை, நீர்வளத் துறை, பொதுச் சுகாதாரத் துறை, புறநகர் நகராட்சிகள் எல்லாம் ஒரே குழுவில் அமர்ந்து முடிவெடுக்கின்றன. கட்டணத்தை விதிக்கும் அதிகாரம் சுகாதார வாரியத்திடம் இருக்கிறது. நஞ்சைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்த்தது மிகச் சரி என்பது என் எண்ணம்.

ஃபேக்டோரியா நிலையத்தில் நடப்பதைப் பார்த்தால் விளங்கும். குப்பை கொட்டும் கட்டடத்துக்கு அப்பால், தனிப் பாதையில் ஒரு கூரைக்கடியில் வண்டியை நிறுத்த வேண்டும். கையுறையும் கண்ணாடியும் மேலாடையும் அணிந்த ஊழியர் வந்து, என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டு, பின்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தாமே எடுத்துத் தள்ளுவண்டியில் வைக்கிறார். ஒன்றோடொன்றைக் கலந்துவிடக் கூடாது, வாங்கிய டப்பாவிலேயே பெயர்ச்சீட்டோடு கொண்டுவர வேண்டும் என்பது கண்டிப்பு. பெயர் தெரியாத திரவம் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதை அடையாளம் காணும் பாடு அவர்களுக்கு. பிறகு எரியக்கூடியவை எரிபொருளாகவும், கார் மின்கலங்கள் ஈயம் பிரிக்கும் ஆலைக்கும், பூச்சிமருந்துகள் உயர்வெப்ப எரியுலைக்கும் போகின்றன. நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்காக 1989 முதலே ஒரு நடமாடும் வண்டி ஊர் ஊராகப் போய் வாரக் கடைசியில் முகாமிடுகிறது. இவ்வகையில் நாட்டிலேயே முதல் வண்டி அதுதான் என்று கவுண்டி சொல்லிக்கொள்கிறது. வந்தவரின் பெயரையும் வருமானத்தையும் விசாரித்துப் பயமுறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. இதனால்தான் ஜனங்கள் வருகிறார்கள்.

சிறு தொழில்களிடம் காட்டும் அணுகுமுறையும் குறிப்பிடத்தக்கது. இங்கே உலர்சலவை நிலையங்கள் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் கொரிய வம்சாவளியினர். அவர்கள் பல காலமாகப் பயன்படுத்தி வந்த பெர்க் என்ற கரைப்பான் உடலுக்கும் நிலத்தடி நீருக்கும் கேடானது. அதை மாற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவதோடு கவுண்டி நின்றுவிடவில்லை. அவர்கள் மொழி தெரிந்த பணியாளர்களை அனுப்பி, தண்ணீரில் துவைக்கும் புதிய இயந்திரம் வாங்க மானியமும் கொடுத்தது. இயந்திரத்தின் விலையை நினைத்தால், அபராதம் மட்டும் விதித்திருந்தால் அந்தக் கடைகளில் பல மூடியிருக்கும்; மீதிக் கடைகள் ஒளிந்து செய்திருக்கும். அச்சகம், வாகனப் பழுதுபார்ப்பு, பல் மருத்துவமனை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படித் தனித்தனி வழி வைத்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் விரிக்க இங்கே இடமில்லை.

எல்லாருடைய கட்டணத்திலும் கலந்து வாங்குவது ஒரு கட்டம் வரைதான் நியாயம். தொலைக்காட்சியையும் மருந்தையும் விற்று லாபம் பார்ப்பவர் ஒருவர், அவற்றின் முடிவுக்குச் செலவு செய்பவர் இன்னொருவர் என்பது முறையன்று. ஆகவே வாஷிங்டன் மாநிலம் படிப்படியாகச் செலவைத் தயாரிப்பவர்கள் பக்கம் தள்ளியது. பழைய கணினி, தொலைக்காட்சிகளை இலவசமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2009இல் வந்தது. பாதரசம் உள்ள குழல் விளக்குகளுக்கு 2015இல் வந்தது. இதில் கிங் கவுண்டியின் சொந்தச் சாதனை மருந்துகளில்தான். மிஞ்சிய மருந்துகளைத் திரும்பப் பெறும் செலவை மருந்து நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்று கவுண்டியின் சுகாதார வாரியம் 2013இல் விதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டி இதேபோல் விதி செய்திருந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்களின் சங்கங்கள் நீதிமன்றம் ஏறின. மேல்முறையீட்டு நீதிமன்றம் அலமீடா கவுண்டியின் பக்கம் தீர்ப்பளிக்க, 2015இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஒரு கவுண்டி இவ்வளவு பெரிய தொழிலோடு மோதி நிற்க முடிந்தது என்பதை நம் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் கவனிக்க வேண்டும். 2017 முதல் கிங் கவுண்டியின் மருந்துக் கடைகளில் பூட்டிய பெட்டிகள் இருக்கின்றன. காலாவதியான மாத்திரைகளை அவற்றில் போட்டுவிட்டு வரலாம். பின்னர் மாநிலம் முழுவதற்கும் அதே முறை வந்தது.

சுவர் வண்ணத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. தண்ணீரில் கரையும் லேட்டெக்ஸ் வண்ணம் அபாயகரமானது அன்று என்பதால் நச்சுக் கழிவு நிலையத்தில் அதை வாங்காமல் இருந்தார்கள். திரவமாக இருப்பதால் குப்பையிலும் போடக் கூடாது. ஆகவே வீடு மாறும்போதெல்லாம் மிஞ்சிய வண்ணத்தில் பூனைகளுக்கு விற்கும் மணலைக் கொட்டி, குச்சியால் கிளறி, அது களி போல இறுகும்வரை மூடியைத் திறந்து வாகன நிறுத்தத்தில் காயவைத்து, பிறகே குப்பையில் போட வேண்டும் என்பது விதியாக இருந்தது. பூனை வளர்க்காத வீடுகளும் இதற்காகவே பூனை மணல் வாங்கின. 2021 ஏப்ரல் முதல் ஒவ்வொரு டப்பா வண்ணத்துக்கும் வாங்கும்போதே ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். மிஞ்சியதை வண்ணக் கடையிலேயே கொடுத்துவிடலாம். காசு வாங்குவதைக் கடையிலேயே முடித்ததும் பூனை மணலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

இனி நம்மவர்களோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். கிங் கவுண்டியில் குடியேறிய ஆப்கானிஸ்தான் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரின் இரத்தத்தில் காரீயம் அதிகமாக இருப்பதைச் சுகாதாரத் துறை கண்டது. சுவர் வண்ணத்திலும் மண்ணிலும் தேடியவர்கள் கடைசியில் சமையலறைக்கு வந்தார்கள். இந்த நச்சுக் கழிவுத் திட்டத்தின் ஆய்வாளர்கள் அந்தக் குடும்பங்களின் அலுமினியப் பாத்திரங்களிலும் குக்கர்களிலும் நீர்த்த அமிலத்தைக் காய்ச்சி வைத்துச் சோதித்தபோது, பலவற்றிலிருந்து காரீயம் கரைந்து இறங்கியது. பழைய வாகன உதிரிகள் முதலிய கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரங்களில் இப்படி நேர்கிறது. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரங்களில் இந்தக் கோளாறு அநேகமாக இல்லை என்றும் கண்டார்கள். ஆய்வு 2022இல் வெளியாயிற்று; 2024இல் மாநிலச் சட்டமன்றம் சமையல் பாத்திரங்களில் காரீயத்துக்கு வரம்பு கட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில் அலுமினியம், பித்தளை ஆகியவற்றோடு நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் இண்டாலியமும் பெயர் குறிப்பிட்டே இடம்பெற்றது.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது பெட்டியில் இண்டாலிய வாணலியும், அம்மா காலத்துப் பித்தளை உருளியும் வருவது இங்குள்ள தமிழ் வீடுகளில் வழக்கம். புளியும் தக்காளியும் கொதிக்கும் சமையல் நம்முடையது. புளிப்பு கூடினால் உலோகம் கரைவதும் கூடும். எல்லா இண்டாலியப் பாத்திரமும் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. எதில் காரீயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதே சங்கடம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் எவர்சில்வருக்கு மாறிவிடுவதே உத்தமம் என்று என் தோழிகளிடம் சொல்லி வருகிறேன். குப்பையை வாங்கும் அலுவலகம் குழந்தையின் இரத்தத்திலிருந்து பாத்திரம் வரை பின்னோக்கிப் போய்த் தேடியதைத்தான் இந்தக் கவுண்டியின் ஆகச் சிறந்த வேலை என்று நான் சொல்வேன்.

புகழ்ந்தது போதும், இனி ஓட்டைகளுக்கு வருகிறேன். கவுண்டி வைத்துக்கொண்ட மறுசுழற்சி இலக்கு 70 விழுக்காடு. ஆண்டுகள் பல கடந்தும் அது பாதியைச் சற்றுத் தாண்டிய அளவிலேயே நிற்கிறது. சீடர் ஹில்ஸில் புதைக்கப்படுவதில் ஏறத்தாழ 70 விழுக்காடு மறுபடியும் பயன்படுத்தவோ உரமாக்கவோ கூடியது என்று கவுண்டியே சொல்கிறது. அதில் உணவுக் கழிவுக்கே பெரும்பங்கு. கிடங்குக்குப் பக்கத்திலேயே சீடர் குரோவ் என்ற பெரிய உரத் தொழிற்சாலை இருக்கிறது. எட்டும் தூரத்தில் உரத் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு, மீந்த சோற்றையும் ரொட்டியையும் பக்கத்து மலைக்குள் புதைப்பதை எந்த நியாயத்தால் விளக்குவது? தனி வீடுகளில் சமையலறைக் கழிவுக்கான பச்சைத் தொட்டி இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் இல்லை, அல்லது இருந்தும் எங்கே என்று குடியிருப்பவருக்குத் தெரிவதில்லை. இவ்விஷயத்தில் நம் தமிழ்க் குடும்பங்களும் விலக்கில்லை. விருந்து முடிந்ததும் மிச்சமான சாம்பாரை நெகிழிப் பையில் கட்டி, புதைக்கப் போகும் குப்பைக்கான கறுப்புத் தொட்டியில் போடுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இந்த மந்தத்துக்குக் காரணம் கட்டண முறைக்குள்ளேயே இருக்கிறது. மாற்று நிலையங்களைக் கட்டிய கடன், ஹோட்டன், ஹோபர்ட், என்யூம்கிளா, வேஷான் முதலிய இடங்களில் எப்போதோ மூடிய கிடங்குகளைக் காக்கும் செலவு, மறுசுழற்சிப் பிரசாரச் செலவு எல்லாமே புதைக்கும் டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணத்திலிருந்துதான் வந்தன. புதைப்பது குறைந்தால் வருமானம் குறையும், செலவோ குறையாது. குப்பையைக் குறையுங்கள் என்று ஒரு கையால் சுவரொட்டி ஒட்டிக்கொண்டு, மறு கையால் டன் கணக்கை எதிர்பார்த்து வரவுசெலவுத் திட்டம் போடும் நிலை. இதை உணர்ந்து, அண்மைக் காலத்தில் கட்டணத்தின் ஒரு பகுதியை டன்னோடு தொடர்பில்லாத நிலையான ஆண்டுத் தொகையாக மாற்றியிருக்கிறார்கள். இது சரியான திசைதான். ஆனால் நிலையான பகுதி வளர வளர, குறைவாகக் கொட்டுகிறவருக்குக் கிடைத்துவந்த சலுகை தேயும் என்பதையும் மறக்கக் கூடாது.

கிடங்கின் ஆயுளும் கவலைக்குரியது. 2019இல் கவுண்டி மன்றம் ஏற்றுக்கொண்ட திடக்கழிவுத் திட்டத்தின்படி சீடர் ஹில்ஸை மேலும் விரித்து, ஏறத்தாழ 2040 வரை ஓட்டப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு சியாட்டிலைப் போல ரயிலில் அனுப்புவதா, எரித்து மின்சாரம் எடுப்பதா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. கிர்க்லாந்தில் உள்ள பழைய ஹோட்டன் மாற்று நிலையத்துக்குப் பதிலாக வடகிழக்குப் பகுதியில் இடம் தேடும் வேலையும் நீண்டுகொண்டே போனது. எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அந்த ஊரில் கூட்டம் கூடியது, பதாகை எழுந்தது. மென்பொருள் நிறுவனங்களில் கைநிறையச் சம்பளம் வாங்கும் நம்மவர்களும் அந்தக் கூட்டங்களில் முன்வரிசையில் நின்றார்கள். குப்பை மாற்று நிலையம் வேண்டும், ஆனால் என் தெருவில் வேண்டாம் என்பதற்கு எந்த நாட்டிலும் ஒரே குரல்தான். மேப்பிள் வேலிப் பக்கத்தில் வசிப்பவர்கள், 1965இலிருந்து எல்லாருடைய குப்பையையும் நாங்கள் சுமக்கிறோமே, நீங்கள் ஒரு மாற்று நிலையத்தைக்கூடச் சுமக்கமாட்டீர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

புதிதாக முளைத்த தொல்லை லித்தியம் மின்கலம். பொம்மை, பல்துலக்கி, காதொலிக் கருவி என்று எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. குப்பையோடு லாரிக்குள் போய் நசுங்கினால் தீப்பிடிக்கிறது. லாரிகளிலும் மாற்று நிலையங்களிலும் மறுசுழற்சி ஆலைகளிலும் இதனால் தீ விபத்துகள் நேர்கின்றன. மின்கலத் தயாரிப்பாளர்கள் செலவேற்க வேண்டும் என்று 2023இலும், பொட்டலம் கட்டும் பொருள்களைத் தயாரிப்போர் வீட்டு மறுசுழற்சிச் செலவை ஏற்க வேண்டும் என்று 2025இலும் மாநிலம் சட்டம் இயற்றிவிட்டது. இரண்டும் முழுமையாக நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வீட்டில் மின்கலத்தின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, தனியே சேர்த்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழி.

இதையெல்லாம் தங்கள் நாளிதழுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே வீட்டு அபாயக் கழிவு என்று தனி வகை இடம்பெற்றிருந்தது. வண்ண டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, குழல் விளக்கு, காலாவதி மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, மின்கலம், ஊசி எல்லாம் அதில் வரும். நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் அவற்றை வாங்கும் மையங்களை உள்ளாட்சிகள் அமைத்து, அவை திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. எழுத்தில் பார்த்தால் கிங் கவுண்டியில் இருப்பதைவிட நெருக்கமான ஏற்பாடு அது. இங்கே இத்தனை பெரிய கவுண்டிக்கு நிலையான வாங்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே தங்கள் நிருபர்கள் ஒவ்வொரு மாநகராட்சியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டு, கிடைத்த பதிலை ஊர்வாரியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: அந்த மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே கொண்டுவருகிறவரிடம் காசு கேட்கிறார்களா, அதை நடத்தும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது. இண்டாலியப் பாத்திரம் பற்றிய செய்தியையும், பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும் பெற்றோர் கண்ணில் படும்படி, ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
பெல்வியூ, கிங் கவுண்டி,
வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.